சென்னை வீட்டில் கினிப்பிக்: பத்திரமாகவும் சுறுசுறுப்பாகவும் வளர்க்க ஒரு வழிகாட்டி

கினிப்பிக் (முயலைவிடச் சிறிய, புல் தின்னும் கொறிவிலங்கு) வளர்க்கலாம் என்று முடிவெடுத்தவுடன் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. கடையில் முயல் தீவனத்தைக் கையில் கொடுத்தார்கள். தெரிந்தவர் ஒருவர் சோறு போட்டாலே போதும் என்றார். வீடியோக்களில் பார்த்ததெல்லாம் குளிர்நாட்டு வீடுகள். ஏப்ரல் மாதத்தில் மொட்டை மாடிச் சூடு அறைக்குள் இறங்கும்போது என்ன செய்வது என்று அவற்றில் யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறி ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு இதை எழுதுகிறேன். புதிதாக வாங்கப்போகும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கினிப்பிக் மற்ற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி. தலைக்கு மேல் ஒரு நிழல் அசைந்தால்கூட உறைந்து நின்றுவிடும். பயம் இருக்கும்வரை எந்தப் பொம்மையைப் போட்டாலும் தொடாது. அதனால் பாதுகாப்பை முதலில் சரிசெய்யுங்கள். விளையாட்டு தன்னால் வரும்.

1. வாங்குவதற்கு முன்பே டாக்டரைக் கண்டுபிடியுங்கள்

நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன. கினிப்பிக் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. போன் செய்து, "எக்ஸாட்டிக் பெட் (நாய், பூனை அல்லாத செல்லப்பிராணி) பார்ப்பீர்களா? கினிப்பிக் பார்த்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த இடம். சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு அங்கங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. எங்கே போனாலும் நேரம் விசாரித்துக்கொண்டு காலையிலேயே போவது நல்லது.

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் அடுத்து வருவதை மறக்காதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் கினிப்பிக்கின் உயிரையே எடுத்துவிடக் கூடியவை. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, விஷம் சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. டாக்டர் மருந்து எழுதும்போதும் பெயரைக் கேட்டு, "இது கினிப்பிக்குக் கொடுக்கலாம்தானே?" என்று ஒருமுறை உறுதிசெய்யுங்கள். பழகிய டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

2. பில், வாடகை ஒப்பந்தம், ஒரு நோட்டு

காகித வேலை அதிகம் இல்லை. ஆனால் இருப்பதைச் செய்யுங்கள். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளில் கினிப்பிக்கும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த விதிகளின்படி விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தேதி, ஆணா பெண்ணா, ஏறத்தாழ எத்தனை மாதம் என்று எழுதிய பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, வாட்ஸ்அப்பிலாவது ஒரு சம்மதம் வாங்கி வைப்பது நல்லது. கினிப்பிக் 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். அதற்குள் வீடு மாற வேண்டி வரலாம்.

அப்புறம், ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் டாக்டரின் எண், ஆகாத மருந்துகளின் பெயர்கள். அடுத்த பக்கத்திலிருந்து வாராவாரம் எடை.

3. இரண்டாக வாங்குங்கள், இரண்டும் பெண்ணாக

தனியாக வளரும் கினிப்பிக் சோர்ந்துபோகும். நீங்கள் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் இன்னொரு கினிப்பிக்குக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: கினிப்பிக்கைத் தனியாக வளர்க்கக் கூடாது. முயலோடு சேர்த்து வளர்ப்பதையும் துணை என்று நினைக்க வேண்டாம். முயலின் உதை பலமானது. முயலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத பார்டெடெல்லா என்னும் கிருமி கினிப்பிக்கின் நுரையீரலைப் பாதிக்கும்.

கடைகளில் "ஜோடி" என்றால் ஆணும் பெண்ணும்தான். அதை வாங்கினால் சில மாதங்களில் வீடு நிறைந்துவிடும். கர்ப்பகாலம் 59 முதல் 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினையாகலாம். ஆண் குட்டிகளை 3 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். ஏழெட்டு மாதம் வரை குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் முதல் பிரசவமே உயிருக்கு ஆபத்து. 'ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும்' என்ற ஆசையே வேண்டாம்.

இரண்டும் பெண்ணா என்று நீங்களே பாருங்கள். கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். வயிற்றின் அடிப்பக்கத்தில் பிளவு ஆங்கில ஒய் எழுத்துபோல் இருந்தால் பெண். புள்ளி வைத்த சின்ன ஐ எழுத்துபோல் இருந்தால், புள்ளிக்கு மேலே மெல்ல அழுத்தும்போது குறி வெளியே வந்தால், ஆண். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கிடந்த இடத்தில் வாங்கினால் அந்தப் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். பத்து வாரம் கவனித்துப் பாருங்கள்.

மூக்கு, கண் உலர்ந்து இருக்க வேண்டும். முடி உதிர்ந்த வட்டங்கள் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும். சாதாரண வகைக்கு ஒன்று 500 முதல் 1,500 ரூபாய் வரை சொல்கிறார்கள். நீளமுடி வகை விலையும் கூட, பராமரிப்பும் கூட. நம் வெயிலுக்குக் குட்டைமுடி வகையே போதும்.

4. கூண்டு: கடையில் வாங்காதீர்கள், நீங்களே கட்டுங்கள்

கடைகளில் கினிப்பிக் கூண்டு என்று காட்டப்படுபவை பெரும்பாலும் முயல் கூண்டோ பறவைக் கூண்டோதான். அடியில் கம்பி வலை இருக்கும். அதன்மேல் நின்று நின்று உள்ளங்காலில் புண் வரும். அந்தப் புண் எலும்புவரை போனால் ஆற்றுவது மிகக் கடினம். இரண்டு மூன்று மாடி வைத்த கூண்டுகளும் வேண்டாம். இதற்கு ஏறத் தெரியாது, விழுந்தால் கால் ஒடியும். வேண்டியது உயரம் இல்லை, தரைப்பரப்பு.

இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி. பத்து சதுர அடி இருந்தால்தான் ஓடும், ஓடினால்தான் நீங்கள் பார்க்க விரும்பும் துள்ளலும் வரும். கட்டும் முறை இது:

துணி அடுக்க விற்கும் கம்பிச் சட்ட அலமாரி இணையக் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 14 அங்குலச் சதுரம். நீளத்துக்கு 4, அகலத்துக்கு 2 என்று சுற்றி நிறுத்த 12 சட்டங்கள் போதும், பத்து சதுர அடிக்கு மேல் கிடைத்துவிடும். வாங்கும்முன் சட்டத்தின் கட்டத்தை அளந்து பாருங்கள். ஒரு கட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் குட்டியின் தலை மாட்டிக்கொள்ளும். மூலைகளைக் கேபிள் டை போட்டு இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒட்ட நறுக்குங்கள்.

அடித்தட்டுக்கு சன்பேக் ஷீட் (இரண்டு தோலுக்கு நடுவே வரிவரியாக இடைவெளி உள்ள பிளாஸ்டிக் அட்டை). பேனர், போர்டு செய்யும் கடைகளில் கேளுங்கள். 6 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று போதும். கூண்டின் அடி அளவுக்கு மேல் நான்கு பக்கமும் 6 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, மடிக்கும் கோட்டில் கத்தியால் ஒரு பக்கத் தோலை மட்டும் கீறி மடித்தால் தட்டு தயார். டேப்பை வெளிப்பக்கம் ஒட்டுங்கள், உள்ளே ஒட்டினால் கடித்துத் தின்றுவிடும். பூனை வரும் வீடு என்றால் மேலேயும் சட்டம் போட்டு மூடுங்கள். எல்லாம் சேர்த்து 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் முடியும், ஒரு மாலை நேர வேலை.

பால்கனியில் வைக்காதீர்கள். காகம், பூனை, பெருச்சாளி, மேற்கு வெயில் எல்லாம் அங்கேதான். டிவிக்குப் பக்கத்திலும் வேண்டாம், சமையலறைத் தாளிப்புப் புகை வரும் வழியிலும் வேண்டாம். ஹாலில் ஒரு சுவர் ஓரம் நல்லது. வீட்டு ஆட்கள் நடமாட்டம் பழகிவிட்டால் பயம் சீக்கிரம் தெளியும்.

5. கீழே விரிப்பது

மரத்தூள் மலிவுதான், ஆனால் தூசி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். நான் சொல்வது இது: கீழே பழைய டர்க்கி டவல், மேலே போலார் போர்வை (மெத்தென்ற ஃபிளீஸ் துணி). ஈரம் கீழே இறங்கி மேலே உலர்வாக இருக்கும். புதுப் போர்வையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு நிற்கும். சாஃப்ட்னர் போடாமல் மூன்று நான்கு முறை சுடுதண்ணீரில் துவைத்த பிறகுதான் உறிஞ்சும். தினமும் சாணியைப் பெருக்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது, அதனால் மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஒளிய இடம் கொடுங்கள், விளையாட்டு அங்கே தொடங்கும்

இரண்டு கினிப்பிக்குக்கு மூன்று ஒளிவிடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் இருந்தால் ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்றதை விடாது, சண்டை வரும். அட்டைப்பெட்டியில் டேப், ஸ்டேப்ளர் ஊசி எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஓட்டை போட்டால் போதும். கோடையில் அகலமான மண்தொட்டியைச் சாய்த்து வையுங்கள். குளிர்ச்சியாக இருக்கும், கடித்தாலும் கெடுதல் இல்லை. பழைய போலார் துணியை இரண்டு விரல் அகல நாடாக்களாகக் கத்தரித்து ஒரு மூலையில் தொங்கவிட்டால் அதற்குள் புகுந்து புகுந்து ஓடும்.

கொண்டுவந்த முதல் மூன்று நாள் தூக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கொத்தமல்லித் தண்டு நீட்டுங்கள். இரண்டு வாரத்தில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கே "வீக், வீக்" என்று கத்தத் தொடங்கும். அது பசி அழுகை இல்லை, எதிர்பார்ப்பு. நின்ற இடத்திலிருந்தே உடம்பை உதறித் துள்ளினால் மகிழ்ச்சி. பல்லை நறநறவென்று கடித்தால் கோபம், கையை எடுத்துவிடுங்கள்.

கடையில் விற்கும் சக்கரம், உருளும் பந்து, கழுத்துப்பட்டை கயிறு ஆகியவற்றை வாங்கவே வேண்டாம். கினிப்பிக்கின் முதுகெலும்பு அப்படி வளையாது. சாயம் பூசிய மரப்பொம்மை, நக்குவதற்கான உப்புக்கட்டி இரண்டும் தேவையில்லை. செலவில்லாத விளையாட்டுகளே இதற்குப் பிடிக்கும். டிஷ்யூ ரோல் அட்டையை நீளவாக்கில் கீறி (கீறாவிட்டால் தலை மாட்டும்) உள்ளே புல் திணியுங்கள். வெள்ளைத் தாளைக் கசக்கி நடுவில் ஒரு வெள்ளரித் துண்டு. மக்காச்சோளத்தின் பச்சைத் தோல். பூச்சிமருந்து படாத கொய்யாக் குச்சி, இலையோடு. வாரம் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் புது இடம் என்று நினைத்து மிரளும்.

7. புல்தான் சாப்பாடு

பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். சாப்பாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் புல்லாக, எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிமோதி ஹே என்னும் இறக்குமதி உலர்புல் கிலோ 500 முதல் 900 ரூபாய் வரை போகிறது, இரண்டுக்கு மாதம் இரண்டு மூன்று கிலோ வேண்டும். செலவைக் குறைக்க அருகம்புல் நல்ல வழி. பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கும் கட்டையே வாங்கி, நன்றாக அலசி, தண்ணீர் வடியவிட்டுக் கொடுக்கலாம். புதிதாகக் கொடுக்கும்போது ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிறு போகும். சாலையோரப் புல் வேண்டாம், நாய் சிறுநீரும் வண்டிப் புகையும் அதில் இருக்கும். வைக்கோலில் சத்து போதாது. குதிரை மசால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைப் பெண்ணுக்கும் மட்டும். பெரியவற்றுக்குச் சுண்ணாம்புச்சத்து அதிகமாகிச் சிறுநீர்க் கல் வரும்.

நம்மைப்போலவே இதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகச் செய்துகொள்ளாது. தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சின்னப் பச்சைக் குடைமிளகாயில் கால்வாசி கொடுத்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். கூடக் கொஞ்சம் கொத்தமல்லி. கொய்யாவில் நிறையவே இருக்கிறது, ஆனால் இனிப்பு அதிகம், வாரம் இரண்டு முறை ஒரு விரல்நகம் அளவு போதும். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்து வீண். வெளிச்சத்தில் சத்து சீக்கிரம் போய்விடும், ருசி மாறித் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும்.

பெல்லட் (சிறு துண்டுகளாக அழுத்திய உலர் தீவனம்) வாங்கும்போது கினிப்பிக்குக்கென்றே செய்தது, வைட்டமின் சி சேர்த்தது என்று பாக்கெட்டில் பாருங்கள். முயல் தீவனத்தில் அது இருக்காது. தயாரித்த தேதியும் முக்கியம், சில மாதங்களில் சத்து குறைந்துவிடும். விதை, உலர்பழம் கலந்த பாக்கெட்டை எடுக்காதீர்கள்.

கீரை நல்லதுதானே என்று தினமும் போடுபவர்கள் நம் வீடுகளில் அதிகம். பாலக், அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாவற்றிலும் சிறுநீர்க் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் கூடுதல், எப்போதாவது ஓரிரண்டு இலையோடு நிறுத்துங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, சோறு, பிஸ்கட், பால், தயிர் எதுவும் கூடாது.

8. தரையில் உலாவ விடும்போது

தினமும் ஒரு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே விடுங்கள். காலையும் மாலையும்தான் இதற்குச் சுறுசுறுப்பான நேரம். வழுக்கும் டைல்ஸில் கால் விரிந்துவிடும், ஜமுக்காளமோ பழைய பருத்திப் பெட்ஷீட்டோ விரியுங்கள். விடுவதற்கு முன் தரையில் குப்புறப் படுத்து அதன் கண் மட்டத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள். சார்ஜர் வயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள இடைவெளி, எலிமருந்து, எறும்புக்குப் போட்ட சாக்பீஸ் கோடு, மணி பிளான்ட் கொடி எல்லாம் அப்போதுதான் தெரியும். அரளி, எருக்கு உள்ள தொட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பினாயில் போட்டுத் துடைத்த தரை என்றால் அன்று வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, காய்ந்த பிறகு விடுங்கள். வீட்டில் ஊஞ்சல் இருந்தால் கொக்கியிலிருந்து கழற்றி வையுங்கள்.

கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் அந்த அறையில் வேண்டாம். கூண்டின்மேல் கொசுவலை போடலாம். தீபாவளியன்று கூண்டை உள்ளறைக்கு நகர்த்தி, ஜன்னலை மூடி, மூன்று பக்கம் கெட்டித்துணி போர்த்துங்கள். புல் நிறைய வையுங்கள்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, மறு கை பின்பக்கத்துக்குக் கீழே. குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், நின்றுகொண்டு இல்லை. இதில் எங்கள் வீட்டில் விதிவிலக்கு கிடையாது.

9. வெயில்

கினிப்பிக்குக்கு 18 முதல் 24 டிகிரி சுகம். 27-ஐத் தாண்டினால் கவனம். 30-க்கு மேல் காற்றோட்டமும் இல்லையென்றால் வெப்பத்தாக்கு வரலாம். அதற்கு வியர்க்காது. சென்னையில் பாதி வருடம் நம் அறைகளே 30-க்கு மேல்தான் இருக்கின்றன. அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, ஏசியும் இல்லை என்றால் கினிப்பிக் வாங்க வேண்டாம். வளர்ப்பதானால், அக்னி நட்சத்திர நாட்களில் பகல் 11 முதல் 5 வரை 26-இல் ஏசி ஓடும் கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதமும் காட்டும் சின்ன வெப்பமானி சில நூறு ரூபாய்தான். அதைச் சுவரில் மாட்டாமல் கூண்டின் உயரத்தில் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஃபிரீசரில் உறையவைத்து, துணி சுற்றி ஒரு மூலையில் படுக்க வையுங்கள். வேண்டுமானால் சாய்ந்துகொள்ளும், வேண்டாமென்றால் விலகும். இரண்டு செட் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரு மிச்ச டைல்ஸ் துண்டையும் உள்ளே போடுங்கள். தண்ணீர்க்கூலர் கடலோர ஊரில் ஈரப்பதத்தைத்தான் கூட்டும். குடிக்கும் தண்ணீர் பாட்டில் இரண்டு மாட்டுங்கள், குழாய் முனையில் உள்ள குண்டு அடைத்துக்கொள்ளாமல் சொட்டுகிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. முன்னறிவிப்பு வந்துவிடும். முதல் நாள் இரவே பாட்டில்களை உறையவைத்துவிடுங்கள்.

நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகினால் வெப்பத்தாக்கு. குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றிக்கொண்டே டாக்டருக்குக் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

10. வாரம் ஒரு முறை எடை

சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, ஒரே கிழமை, ஒரே நேரம். வளர்ந்தது 700 கிராம் முதல் ஒன்றேகால் கிலோ வரை இருக்கும். நோயை வெளியே காட்டாது, தராசுதான் முதலில் காட்டும். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் உன்னிப்பாகப் பாருங்கள், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். அரை நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை, சாணி வரவில்லை என்றால் அன்றே டாக்டர். சிறுநீர் காய்ந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருப்பது சாதாரணம், இரத்தம் சாதாரணம் இல்லை. தன் சாணியில் ஒரு பகுதியைத் தானே தின்னும். அதுவும் இயல்புதான், தடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை நகம் வெட்டுங்கள். குளிப்பாட்டத் தேவையில்லை.

11. செலவும் ஊருக்குப் போகும் நாட்களும்

இரண்டு கினிப்பிக், கூண்டு, போர்வைகள், பாட்டில், தராசு, முதல் மாதப் புல் எல்லாம் சேர்த்துத் தொடக்கத்தில் 6,000 முதல் 8,000 ரூபாய். பிறகு மாதம் 2,000 முதல் 2,500. டாக்டர் செலவுக்கென்று 5,000 ரூபாயைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருவரை ஒரு வாரம் முன்பே கூட்டிவந்து ஒரு வேளை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் காய்கறியைத் தனித்தனி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், என்ன கொடுக்கக் கூடாது என்பதை அதன் கதவிலேயே ஒட்டுங்கள். நாளுக்கு இரண்டு முறை வந்து, புல், தண்ணீர், சாணி மூன்றையும் பார்த்து ஒரு படம் அனுப்பச் சொன்னால் போதும். நோட்டையும், போகவர ஆட்டோவுக்குப் பணத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள்.